அமெரிக்காவில் பாதிக் கல்யாணம் விவாகரத்தா?

தாமிரபரணி: அமெரிக்காவில் பாதிக் கல்யாணம் கோர்ட்டில்தான் முடிகிறது. பதினெட்டு வயதானால் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதெல்லாம் ஒரு குடும்பமா?

கணக்கன்: வந்துவிட்டதய்யா மறுபடியும் அந்தப் பாதி! 1981-இல் ஆயிரம் பேருக்கு 5.3 விவாகரத்து, 2022-இல் 2.4. பாதிக்கும் கீழே போனது விவாகரத்துதான் அண்ணாச்சி. போன மாதம் தங்கம் விலையிலும் இப்படித்தான் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டீர்கள்.

தாமிரபரணி: தங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அதே 2022-இல் ஆயிரத்துக்கு 6.2 கல்யாணம், 2.4 விவாகரத்து. கிட்டத்தட்டப் பாதிதானே?

கணக்கன்: 6.2-இல் பாதி 2.4-ஆ? எந்தப் பள்ளிக்கூடம்? அதுவும் அந்த வருடம் தாலி கட்டியவனும் அந்த வருடம் பிரிந்தவனும் ஒரே ஆளா?

சும்மா வந்தவன்: அங்கே ஏது சார் தாலி :)

ஒகாயோ அக்கா: பதினெட்டு வயதில் துரத்துகிறார்களாம்! என் எதிர்வீட்டில் முப்பது தாண்டிய பையன் அப்பா அம்மாவோடு பேஸ்மென்டில் இருக்கிறான். வாசலில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கார், பனி பெய்த காலையில் யார் வண்டியை முதலில் எடுப்பது என்று தெருவுக்கே கேட்கும் சண்டை. 2020 ஜூலையில் 18 முதல் 29 வயதுக்காரர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோரோடுதான் இருந்தார்கள்.

தாமிரபரணி: அது கொரோனா அக்கா. ஐம்பது தாண்டியவர்களிடம் 1990-க்கும் 2010-க்கும் நடுவில் விவாகரத்து விகிதம் இரண்டு மடங்கானதே, அதைச் சொல்ல மாட்டீர்களே?

கணக்கன்: இரண்டு மடங்கு வேறு, பாதி வேறு. பாதி எங்கே? 1960-இல் பெண்ணுக்கு முதல் கல்யாண வயது நடுவாக 20.3, 2023-இல் 28.4. படித்து, வேலைக்குப் போய், நிதானமாகக் கட்டுகிறார்கள், அதனால் நிலைக்கிறது.

தாமிரபரணி: கல்யாணமே இல்லாமல் பத்து வருடம் சேர்ந்திருந்து பிரிகிறார்களே, அது எந்த நோட்டில் ஏறும்?

கணக்கன்: அது விவாகரத்தா? கேள்வி பாதியைப் பற்றி.

சும்மா வந்தவன்: இதற்கெல்லாம் காரணம் அப்போது கலிபோர்னியா கவர்னராக இருந்து பின்னால் அமெரிக்க அதிபரான ரீகன். காரணமே சொல்லாமல் பிரியலாம் என்ற சட்டத்தில் 1969-இல் கையெழுத்துப் போட்டார். அவரே விவாகரத்தானவர்.

ஒகாயோ அக்கா: அந்தச் சட்டம் இல்லாத காலத்தில் அடி வாங்கிக்கொண்டு கிடந்தவர்களைக் கேளுங்கள் தம்பி. ஆம்பிளைகள் உட்கார்ந்து பாதி, கால் என்று ஏலம் விடுகிறீர்கள்.

தாமிரபரணி: ரீகன் என்றதும் ஞாபகம் வந்தது. அந்த 2.4-இல் கலிபோர்னியாவே கிடையாது! 45 மாநிலங்கள்தான் கணக்குக் கொடுக்கின்றன. இப்போது சொல்லுங்கள் கணக்கன் சார்.

கணக்கன்: வகுக்கும்போது அந்த மாநிலங்களின் ஜனத்தொகையையும் கழித்துவிடுகிறார்கள். கூகிளில் முதல் வரியோடு மூடிவிட்டால் இப்படித்தான்.

தாமிரபரணி: கலிபோர்னியாவை விட்டுவிட்டு அமெரிக்கக் கணக்காம்!

கணக்கன்: சரி, கலிபோர்னியாவைச் சேர்த்தே காட்டுங்கள், பாதி எங்கே?

சும்மா வந்தவன்: தங்கம் இன்றைக்கு என்ன விலை அண்ணாச்சி?

தாமிரபரணி: உனக்கு யார் பதில் சொல்வது? ஐடி மாற்றிக்கொண்டு வந்தால் தெரியாதா?