இறக்கத்தில் தீய்ந்த வாசம், பிரேக் மிதி மெத்தென்று போனது: இதே காரில் திரும்பலாமா?

வெண்மேகம்:
வணக்கம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு காட்டோர விடுதி ஒன்றுக்குக் காரில் வந்திருக்கிறோம். அருமையான, அமைதியான இடம். அறையில் சிக்னல் இல்லை, மேட்டில் ஏறி நின்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் பதில் போடத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுதி பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. மலை முகட்டிலிருந்து இறங்கும் பாதை நீளமானது, வளைவுக்கு மேல் வளைவு. பாதி இறங்கியதும் ஏதோ தீயும் வாசம் வந்தது. கடைசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் மிதி மெத்தென்று, வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. வண்டி நின்றது, ஆனால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் காலை மிதித்துப் பார்த்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

மேனுவல் கியர் பெட்ரோல் கார். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். திரும்பும்போது முகட்டுக்கு ஏறி, மறுபக்கம் இதைவிட நீளமான இறக்கத்தில் போக வேண்டும். பிரேக் தானாகச் சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பலாமா?

பட்டறைக்காரர்:
நம்ப வேண்டாம் நண்பரே. ஆறியதால் மிதி கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி அதே சூடு ஏறினால் மறுபடி மெத்தென்று போகும்.

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகத் தளரும். மிதி கெட்டியாகவே இருந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க அடம்பிடித்தால், பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை) அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் இழந்திருக்கிறது. மிதி மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்திருக்கிறது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரம் வரை போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவு தூரம் மிதித்தது வீண். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் முற்றினால் மிதி தரை வரை போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தபின் அந்தக் குறைந்தபட்சம் 155 தான். டாட் 3 என்றால் 205, 140. ஊருக்குள் ஓட்டும்போது பழைய ஆயிலிலும் ஒரு குறையும் தெரியாது. நீண்ட இறக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆயில் எப்போது மாற்றியது? இறங்கும்போது எந்த கியர்? வாசம் ஒரு சக்கரத்திலா, இரண்டு முன் சக்கரங்களிலுமா? கடைசிக் கேள்விக்கு, சமமான சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) சிக்கியிருக்கலாம், அல்லது ஹேண்ட்பிரேக் முழுதாக விடாமல் இருக்கலாம். அப்படியானால் கதையே வேறு.

தூரவழி:
பட்டறைக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளும் சாமானுமாக 1500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 73 லட்சம் ஜூல். அறைச்சூட்டில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்காவிட்டால், முழுதும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

அதனால் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது கியர். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள், செங்குத்தாக இருந்தால் முதலாவது. எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பதற வேண்டாம்; எஞ்சின் சுற்று காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை நிமிடத்துக்கு 3000, 4000 சுற்று என்பது அதற்குச் சாதாரணம். பெட்ரோல் வீணாகுமே என்ற கவலையும் வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், இப்போதைய எஞ்சின்கள் எரிபொருள் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரியும், பிடிப்பும் போய்விடும். நியூட்ரலில் இறங்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது நன்றாக அழுத்தி, இருந்த வேகத்திலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

வெண்மேகம்:
இருவருக்கும் மிக்க நன்றி. சக்கரங்களைப் பார்த்தேன், எதுவும் தனியாக அனலடிக்கவில்லை. அன்றைக்கு வாசம் வந்தது முன் சக்கரங்கள் இரண்டிலும்தான். வண்டி மூன்றாவது, நான்காவது கியரில் இறங்கியது. ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருக்கிறது, ஆனால் நிறம் காப்பி போல. கார் பழையதாக வாங்கியது. ஆயில் மாற்றியதாகச் சர்வீஸ் புத்தகத்தில் எங்கும் இல்லை. முகட்டுக்கு அருகில் சிறிய பட்டறை ஒன்று இருப்பதாக விடுதிக்காரர் சொல்கிறார். அதுவரை ஓட்டிப் போகலாமா?

பட்டறைக்காரர்:
போகலாம், ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. கிளம்பும் முன் ஒரு சோதனை: எஞ்சினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பகுதி) பழுது. அப்போது வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை விடுதிக்கு வரச் சொல்லுங்கள். சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டறையில் பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் உள்ள காற்றை எடுக்கச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதால் பயனில்லை. காரிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான் வகை, மற்றதோடு சேராது. பேட்டையும் கழற்றிப் பார்க்கட்டும். கண்ணாடி போல மினுமினுத்தாலோ, தேய்ந்து மெலிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வழியில் மறுபடி வாசம் வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

தூரவழி:
டயர் காற்றையும் மறக்காதீர்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்கு வேறு அளவு போட்டிருப்பார்கள். வரைபடத்தையும் மேட்டில் நிற்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்மேகம்:
வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மிதி சோதனையில் இறங்கவில்லை, அதனால் பட்டறை வரை நாங்களே ஓட்டிப் போனோம். வெளியே வந்த ஆயில் கறுப்பாக இருந்தது. பேட் மினுமினுப்பாக இருந்ததால் முன்பக்கம் இரண்டுக்கும் புதிது போட்டாயிற்று. மறுபக்கம் முழுக்க இரண்டாவது கியரில் இறங்கினோம். வாசம் இல்லை, மிதி கடைசிவரை கெட்டி. பின்னால் வந்த வண்டிகளுக்கு அகலமான இடங்களில் ஒதுங்கி வழிவிட்டோம். இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இலைநிழல்:
இடையில் ஒரு சந்தேகம். எங்களுடையது மின்சார கார், கியரே கிடையாது. மலை மேல் தங்கும் இடத்திலிருந்து இறங்க என்ன செய்வது?

பட்டறைக்காரர்:
உங்களுக்கு மோட்டாரே பிரேக், இறங்கும் ஆற்றல் பேட்டரிக்குப் போகும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, பாரம் பிரேக் பேட்டுக்கு வந்துவிடும். அதனால் மலை மேல் முழுதாகச் சார்ஜ் போடாமல் கொஞ்சம் இடம் விட்டுவைத்து, மோட்டார் ஆற்றலைப் பேட்டரிக்கு மீட்கும் அளவை அதிகபட்சத்தில் வைத்து இறங்குங்கள். ஹைபிரிட் காரில் கியர் லீவரில் பி என்ற நிலை இருந்தால் அது இதற்காகத்தான். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் எல், 2 அல்லது மேனுவல் நிலை.