ஒரே எடை, ஒரே தரம்: இரண்டு ஓவல் வைரங்களில் எதை எடுப்பது?

கேள்வி

வணக்கம். வரும் தை மாதம் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவள் விருப்பப்படி ஓவல் வடிவ ஒற்றைக்கல் மோதிரம் செய்வதற்காகக் கல் பார்த்து வருகிறோம். கடையில் காட்டிய இரண்டு கற்களும் ஒரு கேரட் எடை. இரண்டுக்கும் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) சான்றிதழ் உண்டு. நிறம் ஜி (நிறமற்ற டி-யில் தொடங்கி மஞ்சளை நோக்கி இறங்கும் வரிசையில் ஏறக்குறைய நிறமற்றது), தெளிவு விஎஸ்1 (மிகச் சிறிய குறைகள் மட்டுமே உள்ளது), விலையும் ஏறக்குறைய ஒன்றே. முதல் கல்லின் அளவு 7.9 × 5.6 × 3.54 மில்லிமீட்டர், இரண்டாவது 7.4 × 5.4 × 3.94. முதல் கல் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் குறுக்காக ஒரு கருநிழல் விழுகிறது. இரண்டாவதில் நிழல் குறைவு, கல்லும் சிறிதாகத் தெரிகிறது. பட்டை தீட்டிய தரத்தைச் சான்றிதழில் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை. எதை நம்பி முடிவெடுப்பது?

முதல் பதில்

அந்த வரி விடுபட்டதன்று, சகோதரரே. பட்டை தீட்டலுக்கான ஒட்டுமொத்தத் தரத்தை ஜிஐஏ வட்ட வடிவ வைரங்களுக்கு மட்டுமே தருகிறது. ஓவலுக்கு மெருகும் சமச்சீரும் மட்டுமே குறிக்கப்படும். ஆகவே, ஓவலில் ஒளி எப்படித் திரும்புகிறது என்பதை உங்கள் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

உயரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் கல் சுமார் 63 சதவீதம், இரண்டாவது 73. அதாவது, இரண்டாவது கல்லின் எடையில் ஒரு பங்கு மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் அடிவயிற்றில் தங்கிவிட்டது, அதற்கும் நீங்கள் கேரட் கணக்கில் பணம் கொடுக்கிறீர்கள். வைரம் எடைக்கு விலைபோவதால், பட்டை தீட்டுபவர் எடையை இழக்கத் தயங்குவது இயல்பு. 1852-இல் லண்டனில் கோகினூர் மறுபடி தீட்டப்பட்டபோது நேர்ந்தது இதற்கு நேரெதிர்: சுமார் 186 கேரட்டாக இருந்த கல், ஒளிக்காக எடையை இழந்து, 105.6 கேரட் ஓவலாக நின்றது.

நடுவில் தெரியும் நிழலை, கழுத்தில் கட்டும் வில்முடிச்சுப் போலிருப்பதால், வணிகத்தில் ‘போ டை’ என்பார்கள். குனிந்து பார்ப்பவரின் தலையே ஒளியை மறைப்பதால், அத்திசையிலிருந்து ஒளி வாங்க வேண்டிய நடுப்பட்டைகள் இருண்டுபோகின்றன. பெரும்பாலான ஓவல்களில் இது சிறிதளவாவது இருக்கும். கல்லை மெல்லச் சாய்க்கும்போது நிழல் உடைந்து மின்னினால் கவலையில்லை. எப்படித் திருப்பினாலும் கருமையாகவே நின்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்பேன். கடையின் குவிவிளக்குகளுக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் கையை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடி பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் கல்லைச் சாய்த்தபோது நிழல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வெளுக்க மறுபாதி மட்டும் சற்றே கருத்தது. மேலும் சாய்த்ததும் அதுவும் மின்னியது. முதல் கல்லையே எடுக்க எண்ணுகிறோம். பிளாட்டினமா, மஞ்சள் தங்கமா என்பதுதான் வீட்டில் இப்போதைய பேச்சு.

இரண்டாம் பதில்

பிளாட்டினம் என்றால் ஜி நிறம் பொருத்தமானது. ஓவலில் மஞ்சள் சாயல் இரு முனைகளிலும் திரண்டு தெரியும் என்பதால், வெள்ளை உலோகத்தில் இதற்கு மிகவும் கீழே இறங்க வேண்டாம். மஞ்சள் தங்கம் என்றால் உலோகத்தின் நிறமே கல்லில் பிரதிபலிக்கும். ஜி-யைவிட இரண்டு படி கீழான ஐ நிறமே போதும், மிச்சப்படும் தொகை கணிசமானது. எந்தத் தங்கமானாலும் 18 கேரட்டில் செய்யச் சொல்லுங்கள். 22 கேரட் மென்மையானது, கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் நாளடைவில் வளைந்துவிடும்.

முனைகளுக்குப் பாதுகாப்பாகக் கொக்கிகள் எங்கே வருகின்றன என்பதை வரைபடத்திலேயே கேட்டுப் பாருங்கள். தினமும் அணியப்போகும் மோதிரத்துக்கு நான்கைவிட ஆறு கொக்கிகளே மேல் என்பது என் கருத்து. சான்றிதழில் கல்லின் இடுப்பு விளிம்பு (மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் சுற்றுவிளிம்பு) மிக மெல்லியது என்று குறித்திருந்தால், கட்டும்போதே சில்லு பெயரும் ஆபத்து உண்டு. விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பும், மோதிரம் கைக்கு வந்த பிறகும் அதை லென்ஸில் படித்து, சான்றிதழ் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.