ஜி.ஐ. ஜோ: தழும்பு போட்டவரா, கதை எழுதியவரா?

பழையபெட்டி:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர், "ஜி.ஐ. ஜோவை உருவாக்கியவர் லாரி ஹாமா" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். வயிறு எரிந்தது. காமிக்ஸ் எழுத்தாளரான ஹாமா வந்தது 1982-இல். ஜோ என்ற அமெரிக்கப் போர்வீரன் பொம்மை கடைக்கு வந்தது 1964-இல். நடுவே பதினெட்டு வருஷம் அது யார் பிள்ளையாம்?

ஸ்டான் வெஸ்டன் என்ற உரிமத் தரகர், போர்வீரன் பொம்மை என்ற யோசனையை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டான் லெவின், ஓவியச் சாமான் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கைகால் மடங்கும் மர உருவம் ஒன்றைப் பார்த்தார். வழி கிடைத்துவிட்டது. 21 அசையும் பாகங்களோடு ஏறக்குறைய ஓரடி உயர வீரன் பிறந்தான். அன்றைய பார்பியால் முழங்கையை மடக்கக்கூட முடியாது. 'பொம்மை' என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரையே புதிதாகக் கண்டுபிடித்தார்கள். இது படைப்பு இல்லை என்றால் வேறு எது படைப்பு?

மைக்கூடு:
அண்ணே, கோபப்படாதீர்கள். 1964-இல் இருந்தது ஒரு உடம்பும் நாலு உடுப்பும்தான். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை, மரீன். ஒருவனுக்காவது சொந்தப் பெயர் உண்டா? எதிரி என்று ஒருவன் உண்டா?

வியட்நாம் போர் கசந்ததும் அந்த வீரன் சாகச வீரனாக மாறினான், தாடி வளர்த்தான், 1974-இல் பொருளை இறுக்கிப் பிடிக்கும் 'குங்ஃபூ பிடி' கை பெற்றான். கடைசியில் கடையிலிருந்தே காணாமல் போனான். 1982-இல் 3¾ அங்குலத்தில் திரும்பி வந்தபோது ஒவ்வொருவனுக்கும் ஊர், பெயர், குணம் எல்லாம் இருந்தது. பொம்மை வரும் அட்டையின் பின்புறத்தில் இருந்த அந்தக் குறிப்புகளை எழுதியது ஹாமா. மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் 155 இதழ் ஓடிய ஜோ காமிக்ஸில் பெரும்பகுதி அவர் கைவண்ணம். அவரே ராணுவத்தில் இருந்தவர் என்பதால் வீரர்கள் பேசுவது வீரர்கள் பேசுவது போலவே இருக்கும்.

21-ஆம் இதழைப் படித்திருக்கிறீர்களா? ஒரு வசனம் கிடையாது, ஒரு சத்தச் சொல்கூடக் கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஜோ படையின் நிஞ்ஜா ஸ்னேக் ஐஸ் கையிலும் எதிரி ஸ்டார்ம் ஷேடோ கையிலும் ஒரே பச்சைக்குத்து. அந்த ஒரு படத்திலிருந்து பத்து வருஷக் கதை முளைத்தது. பிளாஸ்டிக் அச்சிலிருந்து இது வருமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பூஜை போடுங்கள். நான் பில்லைக் காட்டுகிறேன்.

ஜோவின் கன்னத்தில் தழும்பு ஏன்? போர்க்களக் கதையா? இல்லை. மனித உடம்புக்கு வணிக உரிமை வாங்க முடியாது, தழும்பு இருந்தால் திருடியவனைப் பிடிக்கலாம். கட்டைவிரல் நகம் உள்பக்கமாக இருப்பதும் நகல் அடித்தவனைக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்னேக் ஐஸ் ஏன் தலை முதல் கால் வரை கறுப்பு? பெயின்ட் செலவு கையை மீறிப் போனது. ஒரு பொம்மைக்காவது வண்ணம் பூசாமல் மிச்சம் பிடித்தார்கள். உங்கள் நிஞ்ஜா மர்மம் அங்கே பிறந்தது!

காமிக்ஸும் அப்படித்தான். பொம்மை விளம்பரத்தில் இவ்வளவு நேரம்தான் அனிமேஷன் காட்டலாம் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் கட்டுப்பாடு இருந்தது. காமிக்ஸ் விளம்பரத்துக்கு அது இல்லை. அதனால் காமிக்ஸுக்கு விளம்பரம் போடுவது போலப் பொம்மையை விற்றார்கள். ஹாமாவுக்கு வேலை கிடைத்த கதை இதுதான்.

மைக்கூடு:
சரி, பெயின்ட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயின்ட் இல்லாத பொம்மை உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. அதன் குறிப்பில் பெயர் ரகசியம், ஊர் ரகசியம் என்று எழுதி, ஊமையாக்கி, முகத்தை மூடியே வைத்தது யார்? குறையைக் குணமாக்கியவன்தான் எழுத்தாளன்.

பழையபெட்டி:
அப்படியானால் ஜோக்களின் எதிரிப் படையான கோப்ரா யாருடையது? பகைவன் வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னது மார்வெலின் ஆர்ச்சி குட்வின், ஹாமா இல்லை. ஹாஸ்ப்ரோ முதலில் தயங்கியது. அதன் தலைவன் கோப்ரா கமாண்டரை 1982-இல் தபாலில்தான் வாங்க முடிந்தது. உங்கள் ஆளுக்கு மட்டும் மாலை போட்டால் குட்வின் எங்கே போவார்? பொம்மைகளை வரைந்த ரான் ருடாட் எங்கே போவார்?

கணக்குப்பிள்ளை:
வெஸ்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராயல்டி வேண்டாம் என்று மொத்தமாக 1,00,000 டாலர் வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் பாவம்.

தூசிஅலமாரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இந்தியாவில் ஃபன்ஸ்கூல் நிறுவனம் தயாரித்த ஜோக்கள்தான், அமெரிக்கப் பதிப்பில் இல்லாத கலர்களோடு. காமிக்ஸ் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை, கார்ட்டூனும் தெரியாது. அட்டைக் குறிப்பை மட்டும் கத்தரித்துச் செருப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்ததில் 'பிறந்த ஊர்' என்ற வரி மட்டும்தான் புரியும். அம்மாவிடம் அட்லஸ் கேட்டு வாங்கி அந்த ஊரைத் தேடுவேன்.

ஆனால் பொம்மையின் முழங்கை ரப்பர் அறுந்து இடுப்பு கழன்று விழுந்ததும் குறிப்பை மறந்துவிட்டு ரப்பர் தேடப் போவேன்.

பழையபெட்டி:
தம்பி, முழங்கையில் ரப்பர் கிடையாது. உள்ளே ஒரே ஒரு ரப்பர் வளையம், அதுதான் இடுப்பையும் காலையும் இழுத்துப் பிடிக்கும். முதுகில் ஒரு திருகாணி இருக்கும், கழற்றினால் தெரியும். அந்த அட்டைகள் இன்னும் இருக்கிறதா?