புதுப்பிப்பு: வைக்கோல் போரில் சூடு, புளித்த வாடை – கடைசியில் என்ன ஆனது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மழையில் நனைந்த வைக்கோலைச் சரியாகக் காயவிடாமல் போர் போட்டுவிட்டோம், மூன்றாவது வாரம் உச்சியில் ஆவி வருகிறது, பிரித்துப் போடலாமா என்று கேட்டிருந்தேன்.

கம்பி சோதனைதான் கைகொடுத்தது. கிணற்றடியில் கிடந்த ஆறடி இரும்புக் கம்பியைப் போரின் நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவினேன். நுனியைத் தொட முடியவில்லை. பாகு கருகிய மாதிரி வாடை வேறு. "தண்ணீர் தயாராக இல்லாமல் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்" என்ற பதிலைப் படித்திருக்காவிட்டால் அப்போதே பிரித்திருப்பேன். தீயணைப்புக்காரர்களை 101-இல் அழைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று. போருக்கு மேலே மின்கம்பி போகிறது. தண்ணீர் அடிக்கும் முன் லைனை நிறுத்தச் சொன்னார்கள். லைன் நின்றதும் எங்கள் மோட்டாரும் நின்றுவிட்டது! வண்டித் தண்ணீர் தீர்ந்தபிறகு பக்கத்துத் தோட்டத்து மாமாவின் டீசல் இன்ஜின்தான் காப்பாற்றியது. பிரிக்கப் பிரிக்க இரண்டு இடத்தில் தீ எழும்பியது, உடனே அணைத்தார்கள். பாதிப் போர் போச்சு. மாட்டுக் கொட்டகை தப்பியது.

மேலே ஏறி மிதிக்கச் சொன்னவருக்கு: வேண்டாம் சாமி. நடுவில் கருகிக் குழி விழுந்திருந்தது, ஏறியிருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன்.

அப்புறம், மீதி வைக்கோலிலும் இரண்டு நாள் கம்பியைச் செருகிப் பார்த்தோம். சூடு இல்லை.