தனிமம், சேர்மம், மூலக்கூறு: பையனுக்கு ஒரு மார்க் போய்விட்டது, அவசரம்

மேலவீதி: பரீட்சையில் "மூலக்கூறுதான், ஆனால் சேர்மம் அல்ல, ஓர் எடுத்துக்காட்டு தருக" என்று கேள்வி. பையன் எழுதியதைத் தப்பு என்று சுழித்துவிட்டார்கள். எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நாளைக்கு டீச்சரைப் பார்க்கப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

நெய்தல்: அவன் என்ன எழுதினான் சார்?

கரித்துண்டு: எந்த வகுப்பு? எந்தப் பாடத்திட்டம்?

பழைய பியூரெட்: மாதம் தவறாமல் இதே கேள்வி. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. ஆக்சிஜனில் இரண்டு அணு பிணைந்திருக்கிறது, எனவே மூலக்கூறு. இரண்டும் ஒரே தனிமம், எனவே சேர்மம் இல்லை. ஓசோனில் மூன்று, கந்தகத்தில் எட்டு, அங்கேயும் அதே கதைதான். நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதால் அது மூலக்கூறு, சேர்மம் இரண்டுமே.

நெய்தல்: கார்பன் டை ஆக்சைடு என்று எழுதியிருப்பான், பந்தயம்.

கரித்துண்டு: எனக்கென்னவோ உப்பு. நிறையப் பேர் வழுக்கும் இடம். உப்பு சேர்மம், ஆனால் கல்லுப்பில் தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்த அடுக்கு கல்லின் விளிம்புவரை போகிறது. எங்கே வெட்டி "இது ஒரு மூலக்கூறு" என்பது? உப்பின் 58.5 என்பதை மூலக்கூறு நிறை என்னாமல், வாய்பாட்டில் உள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டிய வாய்பாட்டு நிறை என்று சொல்வதும் அதனால்தான்.

மேலவீதி: ஹீலியம் என்று எழுதினான். ஒன்பதாவது.

பழைய பியூரெட்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஹீலியம் ஒற்றை அணுவாகத் திரிகிற வாயு. வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயூபேக்கின் வரையறைப்படி மூலக்கூறில் ஒன்றுக்கு மேற்பட்ட அணு வேண்டும். தப்பு தப்புதான்.

கரித்துண்டு: அப்படி ஒரேயடியாக அடிக்காதீர்கள். வாயுக்களின் இயக்கவியலில் ஹீலியத்தை ஓரணு மூலக்கூறு என்றுதான் சொல்கிறோம். அணுக்கட்டு எண், அதாவது ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்ற பாடத்திலும் அந்தச் சொல் வரும். பையன் அதைப் படித்துத்தான் எழுதியிருப்பான்.

பழைய பியூரெட்: அது கணக்குப் போடும் வசதிக்காக. ஹீலியத்தில் பிணைப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

நெய்தல்: அப்போ வைரம்? பிணைப்புக்குக் குறைவே இல்லை. முழுக் கல்லும் ஒரே மூலக்கூறா?

கரித்துண்டு: சிலர் பெரும் மூலக்கூறு என்பார்கள்.

பழைய பியூரெட்: சிலர் என்றால் யார்? அது வலைப்பின்னல் திண்மம், தனித்தனி மூலக்கூறு இல்லாமல் அணுக்கள் வலைபோல் பிணைந்து நீள்வது. தனி இழை போடுங்கள்.

மேலவீதி: ஓரணு மூலக்கூறு என்று இருந்த பக்கத்தைக் காட்டினேன், மார்க் போட்டுவிட்டார்கள். விடைத்தாளை மறுபடி கூட்டியதில் வேறு இடத்தில் இரண்டு மார்க் குறைந்துவிட்டது. நன்றி.