பூங்காவைக் காப்பாற்ற வழக்குப் போடணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க தெருப் பூங்காவைச் சுத்தித் தகரம் அடிச்சுட்டாங்க. ஊஞ்சலைக் கழற்றி மூலையில சாய்ச்சு வெச்சிருக்காங்க. வேப்பமரத்துல சிவப்புப் பெயின்ட்ல நம்பர். கடைகள் கட்டப்போறாங்களாம். அப்பா தினமும் நடக்கப் போற இடம், மனசு ஆறல.

பெங்களூர்ல பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தப்ப, அந்தப் பகுதி மக்களே வழக்காடி 1991-ல உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. முத்தப்பா வழக்கு. அந்தத் தீர்ப்பைத்தான் நம்பியிருக்கேன்.

எங்க வீட்டுப் பத்திரத்துல ‘கிழக்கே பூங்கா’ன்னு எல்லை போட்டிருக்கு. ஆனா எது வீட்டு மனை, எது பூங்கான்னு காட்டுற மனைப்பிரிவு வரைபடம் (லேஅவுட் பிளான்) கையில இல்ல. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா 30 நாள் ஆகலாம்; மரம் அதுவரைக்கும் நிக்காது.

சென்னை உயர் நீதிமன்றத்துல உடனே தடை வாங்கணும். பொதுநல வழக்கு நடத்துற வக்கீல் யாரையாவது தெரியுமா? வரைபட நகல் சீக்கிரம் எடுக்க வழி இருக்கா?