ஆமை கரையொதுங்கிச் சனம் கூடினால் முதல் அரை மணித்தியாலம் என்ன செய்யிறது?

களுதாவளைக் கரை:
வணக்கம். மட்டக்களப்புக் கரையில களுதாவளை, தேற்றாத்தீவு, கிரான்குளம் பக்கம் ஆமையொண்டு கரையில கிடந்தாப் பத்து நிமிசத்துல ஊரே கூடிடும். இரக்கத்துக்குக் குறைவில்ல. ஒருத்தர் வாயில தண்ணி ஊத்துறார், ஒருத்தர் முன்துடுப்பப் பிடிச்சுத் தூக்குறார், நாலு பேர் சேர்ந்து அலைக்குள்ள தள்ளிவிட்டுக் கைதட்டுறாங்க. பிறகு அது செத்து ஒதுங்குறதும் உண்டு. மீன் வாடிகளிலயும் மீனவர் சங்கத்திலயும் ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதுறம். சனத்தக் கோவிக்காம, சரியான வேலையச் சொல்ற மாதிரி இருக்கணும். என்னென்ன போடணும்?

மிருக வைத்தியம்:
முதல் வரி: "கடலுக்குள்ள தள்ளாதீங்க." ஆமைக்கும் நம்மளப் போல நுரையீரல்தான். முட்டையிட வாறதும் பெரும்பாலும் இரவிலதான். பகல்ல கரையில கிடக்குதெண்டா வலையில மூச்சு முட்டியிருக்கும், காயமோ நோயோ இருக்கும். தலை தூக்கேலாத ஆமையத் தள்ளிவிட்டா மூழ்கிச் சாகும்.

ரெண்டாவது: மல்லாத்தாதீங்க. நுரையீரல் மேலோட்டுக்கு நேர கீழ இருக்கு. மல்லாத்தினா குடல் பாரமெல்லாம் அதுல இறங்கும். அடி ஓட்டுல மிதிச்சுத் தண்ணி எடுக்கிற பழக்கத்தையும் விடவேணும்.

அசையாம கிடந்தா செத்துட்டெண்டு முடிவு கட்டாதீங்க. வயிறு கீழ இருக்க வைச்சு, பின்பக்கத்துக்குக் கீழ சுருட்டின சாக்கு வைச்சு ஆறு அங்குலமாவது உயர்த்துங்க. தண்ணி தானா வாயால வடியும். இடைக்கிடை ஓட்டின்ட ஒரு பக்கத்த மூணு அங்குலம் தூக்கி இறக்குங்க, பிறகு மற்றப் பக்கம். மெதுவா. மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கண்ணிமைய விரல் நுனியால தொட்டுப் பாருங்க. இமை ஒருக்காத் துடிச்சாலும் உயிர் இருக்கு. இப்பிடி 4 மணித்தியாலத்துல இருந்து 24 மணித்தியாலம் வரைக்கும் பொறுக்கவேணும்.

ஈரச் சாக்கு ஓட்டிலயும் கழுத்திலயும் துடுப்பிலயும் போடலாம். மூக்குத் துளை ரெண்டும் வெளியில தெரியவேணும். அதுக்கு மேல துணி விழுந்தாலே மூச்சடைக்கும். வாயில தண்ணி ஊத்தவே வேணாம். தொட்டிக்குள்ள போடவும் வேணாம். மேல நிழல் கட்டுங்க. அதோட வனசீவராசிகள் திணைக்களத்தின்ட 1992 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து இடத்தையும் ஆமையின்ட நிலையையும் சொல்லுங்க.

கரைவலை:
வைத்தியர் சொன்னதோட வலை விசயத்தையும் சேருங்க. துடுப்புல தங்கூசி (நைலோன் நூல்) சுத்தியிருந்தா இழுத்து உருவாதீங்க, தோலையும் சேர்த்து உரிக்கும். முனை மொட்டையான கத்திரிக்கோலால, தோலுக்கு எதிர்ப் பக்கமா வெட்டுங்க. தசைக்குள்ள புதைஞ்ச நூல வைத்தியரிட்ட விடுங்க. வாயாலயோ பின்பக்கத்தாலயோ நூல் தொங்கினா இழுக்கவே கூடாது: உள்ள தூண்டில் மாட்டியிருந்தா குடல் பாவாடைச் சுருக்கு மாதிரி மடிஞ்சு கிழியும். ஒரு அடியளவு வெளியில விட்டு மிச்சத்த வெட்டுங்க.

கரையில நிண்டு இழுக்கிற கரைவலையில ஆமை பட்டா, மடி (மீன் சேருற வலைப்பை) மணலுக்கு ஏறமுன்ன, இடுப்பளவு தண்ணியிலயே திறந்து விடவேணும். மயங்கியிருந்தா மட்டும் விடாம, வைத்தியர் சொன்ன மாதிரிக் கரையில வைச்சுப் பாருங்க. மீன் பாரத்துக்குக் கீழ அமுங்கினா அதால மூச்செடுக்க மேல வரேலாது.

சனத்தின்ட இரக்கத்தப் பற்றிக் கேட்டீங்க. ஆனா தொழிலாளியிட்ட இருக்கிறது பயம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ ஆமை பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிக்கிறது, கொல்லுறது, இறைச்சியோ முட்டையோ வைச்சிருக்கிறது குற்றம். வழக்கு வருமெண்டு பயந்து, வலையில மயங்கின ஆமையச் சத்தமில்லாம கடல்லயே வீசுறாங்க. மேல சொன்ன நாலு மணித்தியாலம் அதுக்குக் கிடைக்கிறதே இல்ல. "தவறிப் பட்டா என்ன செய்யவேணும்" எண்டத வனசீவராசிகள் அலுவலரும் கடற்றொழில் பரிசோதகரும் சங்கக் கூட்டத்துல நேர வந்து சொல்லட்டும். கடதாசிய விட அந்தப் பேச்சத்தான் நம்புவாங்க.

களுதாவளைக் கரை:
நன்றி அண்ணன். பயத்தப் பற்றி நாங்க யோசிக்கவே இல்ல. கூட்டத்த எப்பிடி ஒதுக்குறது? செத்த ஆமைய உடனே புதைக்கலாமா?

பாணமைப் பக்கம்:
தங்கச்சி, கூட்டத்த விரட்டினா சண்டைதான் வரும். பதறுற ஆளின்ட கையில ஒரு வேலையக் குடுங்க. ஆமையச் சுத்திப் பத்து மீற்றருக்குக் கயிறு பிடிக்க நாலு பேர், நிழலுக்குப் பாய் கொண்டர ரெண்டு பேர், சாக்கு நனைக்க ஒருத்தர், நாய் பார்க்கப் பொடியன்கள். கிட்டப் போறது ரெண்டு பேர் மட்டும். வாய்ப் பக்கம் நிக்கவேணாம், கடி பலமானது. படம் ஒராள் எடுத்து எல்லாருக்கும் அனுப்பட்டும்.

செத்தத உடனே புதைக்காதீங்க. 2021இல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு மூழ்கின பிறகு ஒதுங்கின ஆமைகளுக்காக நாடே மனம் நொந்தது. ஆனா ஆமை ஏன் செத்ததெண்ட காரணத்தச் சொல்லப்போறது அழுகாத உடம்புதான். தலை, ஓடு, காயம், வால் எல்லாம் தனித்தனிப் படம், தையல் நாடாவால ஓட்டின்ட நீளம், கழுத்துப் பள்ளத்துல இருந்து பின்நுனி வரைக்கும், திகதி, இடம். ஓட்டின்ட நடுவரிசைக்கு ரெண்டு பக்கமும் உள்ள தகடுகள எண்ணுங்க. பக்கத்துக்கு ஆறோ கூடவோ இருந்தா பெரும்பாலும் ஒலிவ் ரிட்லி எண்ட ஆமையினம். நாலு இருந்து, ஓடு கூரையோடு மாதிரி ஒண்டுமேல ஒண்டு படிஞ்சு, வாய் கிளிமூக்கு மாதிரியெண்டா அழுங்காமை. அதின்ட இறைச்சி ஆளைக் கொல்லும் நஞ்சாகலாம், மாற்று மருந்தும் இல்ல. இத அறிவித்தல்ல பெரிய எழுத்துல போடுங்க. தொட்டவங்க கைய சவுக்காரம் போட்டுக் கழுவவேணும்.

ஆமைக்குஞ்சக் கடலுக்கு விடுற விழாவுக்கும் ஒரு வரி எழுதுங்க. பகல்ல, படத்துக்காக, தொட்டியில நாள்கணக்கா வைச்சிருந்து விடுறது இரக்கம் மாதிரித்தான் தெரியும். பொரிச்ச உடனே ஓயாம நீந்திக் கரைய விட்டு விலகுறதுக்குக் குஞ்சுக்கு ஒரு நாளளவுதான் அந்த வேகம் இருக்கு. தொட்டிச் சுவர்ல மோதியே அது தீர்ந்துபோகும். இரவில, அலையில இருந்து பத்து மீற்றர் மேல, மணல்ல விடுங்க. தானா ஊர்ந்து போகட்டும். கரையோர வீட்டு லைற்றுகள அந்த அரை மணித்தியாலம் நூத்துவைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி வெளிச்சம் தெரியிற பக்கம் றோட்டுக்குத்தான் போகும்.